ஒற்றைப் பனைக் கிணறு

ரவி,

உன் கடிதம் நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்கள் முக்காலியும் குழாயுமாக வந்து நம் தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் இறக்கப்போகிறார்கள், மோட்டாருக்கும் சொல்லியாகிவிட்டது, நீயும் சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவாய் என்று எழுதியிருக்கிறாய். "இனிமேல் நீங்கள் குடம் தூக்கக் கூடாது" என்ற வரியை உன் அம்மா இரண்டு தரம் படித்துவிட்டு, கடிதத்தைக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் போய் அதை எடுத்து இன்னொரு தரம் படித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதற்குப் பிறகு நான் எழுதப்போகும் எதுவும் உனக்குப் பிடிக்காது. போர் வேண்டாம். ஆட்களை வர வேண்டாமென்று நீயே சொல்லிவிடு.

சனிக்கிழமை நேரில்தானே வருகிறேன், அப்போது சொன்னால் என்ன என்று கேட்பாய். நேரில் சொல்ல எனக்கு வராது. முன்பின் தெரியாத ஊரில் நூறு பேர் நடுவில் உட்கார்ந்து கதை சொல்லத் தெரிந்த எனக்கு, ஒரே ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லத் தெரியாது. நீ சிரித்த முகத்தோடு வந்து நிற்பாய், உன் அம்மா உனக்காக வடை தட்டிக்கொண்டிருப்பாள், நான் நாளைக்குச் சொல்லலாம் என்று இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் குழாய் பூமிக்குள் போய்விடும். இப்படித்தான் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டேன். மூடியது மூடியதுதான், பத்து வருஷம் ஆகிறது. அதனால்தான் இன்று புதன்கிழமையே எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலை தபாலில் சேர்த்தால் வெள்ளிக்கிழமை உனக்குக் கிடைத்துவிடும்.

தோட்டம் காய்கிறது என்று நீ எழுதியிருப்பது உண்மைதான். இந்தச் சித்திரை வெயில் போல நான் பார்த்ததில்லை. பாலாற்றில் மணலைத் தோண்டி ஊற்றுக்குக் காத்திருக்கிறவர்கள் காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். நம் மல்லிகைப் பந்தல் பாதி போய்விட்டது. காய்ந்துவிடுமோ என்று நீ பயப்படுகிற அந்த மாதுளை இலை கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கிறது. அந்த மாதுளை வந்த கதை உனக்கு நினைவிருக்கும். உனக்கு ஏழு வயது. சைக்கிளில் முன்பக்கம் உன்னை உட்கார வைத்து வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். ஊருக்கு ஒரு கதை சொல்லுவேன், கூலியாக அந்த ஊரில் ஒரு விதையோ ஒரு குச்சியோ கேட்டு வாங்கிக்கொள்வேன், அதுதான் என் வழக்கம். கதை முடிவதற்குள் நீ என் மடியில் தூங்கிவிட்டாய். அந்த வீட்டுக்கார அம்மா மாதுளைக் குச்சியை ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்து, "கதைக்கு இல்ல சாமி, புள்ளைக்கு" என்றாள். நம் தோட்டத்தில் காசு கொடுத்து வாங்கிய செடி ஒன்றுகூட இல்லை. உத்திரமேரூர் அவரை, செய்யாற்றுப் பிச்சி, வந்தவாசி மாதுளை என்று ஒவ்வொன்றையும் ஊர்ப் பேர் சொல்லித்தான் நீயும் கூப்பிடுவாய். வேலையை விட்டுவிட்டு எழுத்தையும் ஊர் சுற்றலையும் நம்பி உட்கார்ந்த ஒரு மனிதனுக்கு இருந்த ஒரே சொத்து அதுதான். பெருமையும் அதுதான். கொஞ்ச நஞ்சமில்லாத பெருமை.

ஆனால் குச்சியை ஊர் ஊராக வாங்கிவந்தேனே, தண்ணீரை எங்கே வாங்கினேன் என்று நீ யோசித்திருக்கிறாயா? நம் மனையில் கிணறு கிடையாது. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் கன்னியப்பனின் கிணறு. காலையில் அவர் மாடுகளைப் பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டுவார். தோல் சாலில் தண்ணீர் ஏறி ஏறி அவருடைய கேழ்வரகுக்கும் வேர்க்கடலைக்கும் பாயும். தன் நிலம் நனைந்ததும் கடைசியாக நாலு சால் நமக்கென்று இறைத்து, வேலிக்கு அடியில் இருக்கும் மடையை மண்வெட்டியால் திறந்துவிடுவார். ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. "இன்னா கதக்காரரே, இன்னிக்கி எந்த ஊரு செடிக்கு தாகம்?" என்று குரல் மட்டும் வேலிக்கு மேலே வரும். நீ நீச்சல் பழகியதும் அந்தக் கிணற்றில்தான். உன் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அந்தக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, வண்டியில் இரண்டு பானையோடு ஒரு வயதான சாயக்காரர் வந்து தண்ணீர் மொண்டுகொண்டு போனார். ஊருக்குள் இல்லாத தண்ணீரா என்று கேட்டேன். கன்னியப்பன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இந்தத் தண்ணில பட்டு நூல முக்குனா அரக்குச் செவப்பு அப்டியே புடிச்சிக்குதாம். கல்யாணப் பொடவைக்கு மட்டும் வந்து மொண்டுகினு போறாரு. எங்கப்பா காலத்துலேந்து வராரு. வெளில சொல்லிடாதீங்க கதக்காரரே. தெரிஞ்சா அத்தினி சாயப் பட்டறக்காரனும் இங்க வந்து நிப்பான். பயிருக்குத் தண்ணி இருக்காது." நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. தலை ஆடும்போதே மனசுக்குள் ஒரு கதையின் முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது.

பதினைந்து நாளில் அந்தக் கதையை எழுதி முடித்தேன். கன்னியப்பன் பேரை மாற்றினேன், ஊர்ப் பேரை எழுதவில்லை, சாயக்காரரைச் சின்ன வயசுக்காரராக ஆக்கினேன். புனைபெயரில்தான் அனுப்பப்போகிறேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஆனால் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, ஆற்றுக்குப் போகும் வழியில், ஒரே ஒரு பனை நிற்கும் கிணறு என்று எழுதியிருந்தேன். சுற்றி ஒரு மைலுக்கு வேறு பனை கிடையாது என்பது உனக்குத் தெரியும். அப்போதெல்லாம் நான் எழுதுவதை முதலில் படிப்பவள் உன் அம்மா. அரிசி புடைத்துக்கொண்டே படித்தாள். படித்துவிட்டு, "கதை நல்லாதான் இருக்குது. ஆனா பனைய எடுத்துடுங்க. பேர மாத்தி இன்னா பிரயோஜனம், பனைய பாத்தா தெரிஞ்சிடாதா?" என்றாள். அந்தக் கதையிலேயே நல்ல வரி அந்தப் பனையைப் பற்றியதுதான். சாயங்காலத்தில் அதன் நிழல் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் குடிப்பதாக எழுதியிருந்தேன். அதை எடுத்தால் கதை நிற்காது என்றேன். "நிக்காட்டி போவுது" என்றாள். நான் கேட்கவில்லை. அப்படியே அனுப்பினேன்.

கதை பத்திரிகையில் வந்தது. நன்றாக இருக்கிறது என்று எங்கெங்கிருந்தோ கடிதம் வந்தது. அதில் பாதிப் பேர் அந்தப் பனை வரியைத்தான் எடுத்து எழுதியிருந்தார்கள். நான் அந்தக் கடிதங்களை உனக்கும் உன் அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அடுத்த மாதமே ஆற்று வழியில் பீப்பாய் ஏற்றிய மாட்டு வண்டிகள் வர ஆரம்பித்தன. கன்னியப்பன் முதலில் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார், பிறகு சண்டை போட்டார். அப்புறம் ஒரு பட்டறைக்காரர், பேர் எதற்கு, கிழக்கே இருந்த துண்டு நிலத்தை வாங்கி, ஆழமாகப் போர் இறக்கி, மோட்டார் வைத்தார். காலையில் போட்டால் பொழுது சாய்ந்துதான் நிறுத்துவார்கள். மறு கோடையில் கன்னியப்பன் கிணற்றில் சால் முங்கவில்லை. அதற்கு மறு கோடையில் அடியில் பாறை தெரிந்தது. மாடுகளை விற்றார். அந்தப் பனையையும் அதற்கு முன்பே வெட்டிவிட்டிருந்தார். கூரைக்கு வாரை அறுக்க மரம் வேண்டியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பட்டறைக்கே அவர் கூலிக்குப் போனார். கொதிக்கிற அண்டாவில் பட்டு நூலை முக்கித் திருப்பிப் போடும் வேலை. முழங்கை வரை அரக்கு ஏறிவிடும், தேய்த்தாலும் போகாது. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு நாள் அவரைப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, கன்னியப்பன் மாமா கை ஏன் அப்படி சிவப்பா இருக்குது?" என்று கேட்டாய். பட்டறை வேலை அப்படித்தான் என்றேன். பொய் இல்லை. ஆனால் நீ கேட்டதற்கு அது பதிலும் இல்லை. அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருந்தால், அடுத்த நாள் அவரிடம் சொல்லும் தைரியம் வந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். சொல்லவில்லை. உன் அம்மா அந்த மாதத்திலிருந்து என் எழுத்து எதையும் படிப்பதில்லை. "அம்மாவுக்குக் கதைன்னா புடிக்காது" என்று உன் நண்பர்களிடம் நீ சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவளுக்குக் கதை பிடிக்கும் ரவி. என் கதைதான் பிடிக்காது. நான் ஊர் சுற்றுவதை ஏன் விட்டேன் என்றும் ஒரு தடவை கேட்டாய். முழங்கால் வலி என்றேன். காரணம் வேறு. எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும், யார் எதைச் சொன்னாலும், "வெளில சொல்லிடாதீங்க" என்ற குரல்தான் காதில் விழுந்தது.

இந்த நடுவில் நம் தோட்டம் எப்படிப் பிழைத்தது என்பது உனக்குத் தெரியும். தெருக்குழாயில் நானும் உன் அம்மாவும் குடம் குடமாகத் தூக்கினோம். நீயும் தூக்கினாய். அந்தக் குடங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக எனக்கு ஒரு போர் போட வேண்டுமென்று உனக்குத் தோன்றியிருக்கிறது. நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஏனென்றால் நீ போர் போடச் சொல்லியிருக்கும் இடம் வேலியிலிருந்து இருபதடி. அந்தப் பக்கம் கிணறு இன்னும் ஒரு இருபதடி. ஊற்று ஒன்றுதான்.

நீ மெட்ராஸ் போன பிறகு நடந்தது ஒன்று உண்டு. பட்டறைக்காரரின் போரில் உப்புத் தட்டி, அரக்கு கருக்க ஆரம்பித்தது. அவர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். இரண்டு மழைக்காலம் நன்றாகப் பெய்தது. கன்னியப்பன் கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. போன தை மாதம் ஒரு ஜோடி மாட்டை ஓட்டிவந்தார். அறுபதை நெருங்குகிற வயதில் திரும்பவும் கவலை இறைக்கிறார். அரைக் காணி கேழ்வரகு வைத்திருக்கிறார். ஒரு நாள் காலை நான் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது வேலிக்கு அடியில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. வருஷக்கணக்காகத் தூர்ந்து கிடந்த மடையைத் திறந்து தண்ணீர் வருகிறது. முன்பு போல நாலு சால் இல்லை, ஒரு சால். குரல் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் மட்டும் வந்தது. நான் அந்த ஈரத்தில் நின்றுகொண்டு, இவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்திருந்தால் இந்த மடையைத் திறப்பாரா என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐம்பத்தேழு வயதில் எவ்வளவு வசதியான சமாதானம் பார்.

நேற்று சாயங்காலம் போர் போடும் மேஸ்திரி வந்து இடம் பார்த்து, சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டுப் போனார். இன்று காலை கன்னியப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கையில் மண்வெட்டி இருந்தது, ஆனால் மடையைத் திறக்கவில்லை. சுண்ணாம்பு வட்டத்தையே பார்த்தார்.

"ஞாயித்திக்கெழம போர் போட்றீங்களாமே?"

"பையன் ஏற்பாடு" என்றேன். உன் மேல் போட்டேன், பார்த்தாயா. வாயில் முதலில் வந்தது அதுதான்.

"போடுங்க. உங்க நெலம், உங்க புள்ள. நான் இன்னா சொல்றது" என்றார். திரும்பி நாலடி போனார். அப்புறம் நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஒண்ணே ஒண்ணு கதக்காரரே. இத்தையும் கதையா எழுதிடாதீங்க."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"வந்த வாரமே தெரியும். சலூன்ல படிச்சிக்கினு இருந்தாங்க. நான் முடி வெட்டிக்க ஒக்காந்துகினு இருந்தேன். அந்தப் பன தண்ணி குடிக்கிற எடத்துல, நல்லா இருக்குதுபான்னு நானே சொன்னேன்."

அவ்வளவுதான். போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். பத்து வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிவந்த கையோடு தினம் நம் வாசலைத் தாண்டிப் போனபோதெல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தை மாதம் அந்த மடையைத் திறந்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் தூங்கியிருக்கிறேன்.

நீ கெட்டிக்காரன், எதிர்வாதம் வைத்திருப்பாய். நம் நிலம், யாரும் தடுக்க முடியாது. காலையில் ஒரு மணி நேரம் மட்டும் மோட்டார் போடலாம், மாமாவுக்கும் நாமே தண்ணீர் விடலாம். நானும் நேற்று ராத்திரி முழுக்க இப்படி எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மோட்டார் வந்தால் ஒரு மணி நேரத்தில் நிற்காது என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவர் கிணற்றில் சால் முங்காத அன்றைக்கு, நம் வீட்டு வாசலில் வந்து அவர் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கும். ஒரு நாள்கூட என்னைக் கேட்க வைக்காத மனிதர் அவர். அதை நான் பார்க்க மாட்டேன். ஒரு தடவை எழுதி அவர் கிணற்றை வற்ற வைத்தேன், இப்போது என் பிள்ளை அன்பினால் அதையே செய்யக் கூடாது. உனக்கு நான் புத்தி சொல்லி ரொம்ப நாளாகிறது, சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். ஒருவருக்கு நல்லது செய்யக் கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் செய். நான் பார்க்கவில்லை.

தோட்டம் போகும். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தெருக்குழாயில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வருகிறது, என் இடுப்பும் பழைய இடுப்பு இல்லை. மாதுளையையும் பிச்சியையும் மட்டும் காப்பாற்றலாம் என்று இருக்கிறேன். மற்றதெல்லாம் வந்த வழி போகட்டும். வருத்தமாக இருக்கிறது. இருக்கத்தான் செய்யும்.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இத்தையும் எழுதிடாதீங்க என்று காலையில் சொன்னார், சாயங்காலத்துக்குள் இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். இதில் அவர் பேரும் இருக்கிறது, பனையும் இருக்கிறது. இந்தத் தடவையாவது கேட்காமல் அனுப்பக் கூடாது. அவரிடம் படித்துக் காட்டிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

போய்விட்டு வந்தேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். ரவிக்கு எழுதியது, உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், கேட்டுவிட்டு வேண்டாமென்றால் இங்கேயே கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். படிங்க என்பது போலக் கையைக் காட்டினார். முழுசும் படித்தேன். அவர் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கூரைக்கு வாரை என்று படித்த இடத்தில் மட்டும், "அங்க நிறுத்துங்க" என்றார். "அது தப்பு. வாரைக்குன்னு வெட்டல. பனைய அடையாளம் வச்சிகினுதானே வந்தானுங்க. அது இல்லன்னா கண்டுபுடிக்க மாட்டானுங்கன்னு நானும் எம் பொண்டாட்டியுமா ஒரு மத்தியானம் வெட்னோம். எங்கப்பன் வச்ச மரம். வெட்டியும் வந்தானுங்க, அதுக்குள்ள வழி தெரிஞ்சி போச்சி."

அந்த வரியை அடித்துத் திருத்தி எழுதட்டுமா என்று கேட்டேன். "அடிக்க வேணாம். நீங்க நெனச்சது மேல இருக்கட்டும், நடந்தது கீழ இருக்கட்டும். புள்ள ரெண்டையும் படிக்கட்டும்" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் எழுந்தபோது, "ஞாயித்திக்கெழம கெணத்துல தூரு வாரணும். எறங்கறதுக்கு ரெண்டு ஆளு கொறையுது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே கடைசி வரை படித்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு என் எழுத்தை அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பரீட்சை எழுதியவன் நிற்பது மாதிரிதான் இருந்தது. உறையை வாங்கி உன் விலாசத்தை அவளே எழுதினாள்.

மேஸ்திரிக்கு வெள்ளிக்கிழமையே சொல்லிவிடு. நீ சனிக்கிழமை வழக்கம் போல வா. கிணற்றில் இறங்குகிற இரண்டு ஆளில் ஒன்று நீ. இன்னொன்று யாரென்று அவர் சொல்லவில்லை. நான் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். நீயும் சேறு பட்டால் பரவாயில்லை என்கிற சட்டையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வா.

அப்பா